கடையை மூடிவிடுகிறேன் முருகா என்று வேண்டினேன்

சென்ற ஆண்டு தைப்பூசத்தன்று காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், முருகன் கோவிலுக்குப் போகும் தண்ணீர்மலைச் சாலையில் என் மூன்று வயது மகன் கவினைத் தொலைத்தேன். எதையும் நாள் கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் அன்று அவனைத் தேடியது எவ்வளவு நேரம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

நானும் என் மனைவி கலைச்செல்வியும் ஆயர் ஈத்தாம் ஊரில் வீட்டோடு தையல் கடை நடத்துகிறோம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே துணியில் உடை தைத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். நான் வெட்டுவேன், அவள் தைப்பாள். மகள் யாழினி பள்ளிக்குப் போய்விடுவாள். கவினுக்கு வெட்டுமேசையின் அடிதான் வீடு. மேசையிலிருந்து தொங்கும் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவான்.

பொங்கல் முடிந்த வாரம் என் அக்கா வந்தார். கவினைப் பார்த்தார்.

"ஊரு பிள்ளைங்க எல்லாம் புதுச் சட்டையில மின்னுது. உன் மகன் தொப்புளைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். நல்ல தையல்காரன்டா நீ!"

சிரித்து வைத்தேன். உள்ளே சுருக்கென்றது. பணத்துக்காகப் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுகிறோமோ என்ற பயம் ஏற்கெனவே இருந்தது.

அப்போது மேசைமேல் கிடந்தது புக்கிட் மெர்தாஜாமிலிருக்கும் வாடிக்கையாளர் மீனா அக்கா குடும்பத்தின் துணி. மஞ்சளில் பச்சை மயிலிறகுப் பூ. அவரை நேரில் பார்த்ததில்லை. கணவர்தான் வந்து போவார். ஹென்போனில் அவரை அழைத்துக் கேட்டேன்.

"மிச்சத் துணியில என் மகனுக்கு ஒரு சட்டை தைச்சுக்கவா அக்கா?"

"இதெல்லாமா கேக்குறது தம்பி? தைச்சுப் போடு லா!"

அந்தச் சட்டையோடுதான் கவின் அன்று வந்தான். கலைச்செல்வி பால்குடம் எடுத்திருந்தாள். பிள்ளைகள் இருவரும் என் கையில். ஒரு தண்ணீர்ப் பந்தலில் யாழினிக்கு மோர் வாங்கினேன். குவளையை வாங்க ஒரு கையை விட்டேன். திரும்பினால் கவின் இல்லை.

பந்தலில் ஒலிபெருக்கி வைத்திருந்தவரிடம் ஓடினேன். என்ன சட்டை என்று கேட்டார். மஞ்சள் என்றேன்.

"அண்ணே, நானும் மஞ்சள், நீங்களும் மஞ்சள். இங்க எல்லாருமே மஞ்சள்தான் லா. வேற அடையாளம் சொல்லுங்க."

அந்தத் துணியை வெட்டியவனே நான். மயிலிறகு என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை.

முன்னால் நடந்துகொண்டிருந்த மனைவியிடம் ஓடிக் குடத்தை இறக்கச் சொன்னேன். அவள் இறக்கவில்லை. முகமெல்லாம் கண்ணீர்.

"நீங்க ரோட்டுல கேளுங்க. நான் முருகன்கிட்ட கேக்குறேன்."

யாழினியை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினேன். ஒவ்வொரு மஞ்சள் சட்டையாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வேறு முகங்கள். சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். மலையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன். "முருகா, இந்தத் தொழிலே வேண்டாம். கடையை மூடிவிடுகிறேன். என் பிள்ளையைக் கொடு."

சட்டைப் பையில் ஹென்போன் துடித்தது.

"தம்பி, மீனா அக்கா பேசுறேன். எங்க துணியில சட்டை போட்ட பையன் ஒருத்தன் என் துப்பட்டாவப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குறான். உங்க மகனா?"

மலைப்படிக்கட்டுக்குக் கீழே அவர்கள் இருந்தார்கள். குடும்பம் முழுவதும் நாங்கள் தைத்த உடையில். அவ்வளவு கூட்டத்திலும் கவின் தனக்குத் தெரிந்த துணியைக் கண்டுபிடித்துப் போயிருக்கிறான். மீனா அக்காவின் மடியில், துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் அழுத அழுகையைப் பார்த்து மீனா அக்காவும் அழுதார். பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கலைச்செல்வி குடத்தோடு படியேறினாள். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

ஆனால் என் வேண்டுதல்? மறுநாள் நான் கத்தரியைத் தொடவில்லை. காரணத்தைச் சொன்னதும் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மூடணும்னு நெனச்சிருந்தா முருகன் பிள்ளைய ஒரு போலீஸ்காரர் கையில குடுத்திருப்பாரு. நம்ம துணியக் காட்டியா கூட்டிக்கிட்டு வருவாரு? போங்க, போய் வெட்டுங்க."

கத்தரியை எடுத்தேன். அன்று முதல் நாங்கள் தைக்கும் ஒவ்வொரு குழந்தை உடைக்குள்ளும் பெற்றோரின் ஹென்போன் எண்ணைத் தைத்துக் கொடுக்கிறோம். அதற்குக் கூலி வாங்குவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் இயந்திரத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு உட்காருகிறோம். இருந்தும் வேலை குறையவில்லை, பெருகியிருக்கிறது.

தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. நானும் நாலு புத்தகம் படித்தவன்தான். கவினுக்கு அந்தத் துணி பழக்கம் என்பது உண்மை. ஆனால் அந்த இக்கட்டான நேரத்தில், அந்த ஒரு குடும்பத்தை அவன் கண்ணில் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

இந்த ஆண்டு தைப்பூசத்தில் கவின் தன் காலாலேயே படியேறினான். ஒரு பக்கம் நாங்கள், மறு பக்கம் மீனா அக்கா குடும்பம், எல்லாரும் ஒரே துணியில். பின்னால் வந்த என் அக்கா அவன் சட்டையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல தையல்காரன்டா நீ," என்றார். இந்த முறை கேலியில்லை.

பிள்ளையையும் பிழைப்பையும் ஒன்றாகச் சுமந்து தவிக்கிற அன்பர்களே, எதை இறக்கி வைப்பது என்று கலங்காதீர்கள். இரண்டையும் அவனிடம் சொல்லிவிட்டு நடங்கள். வேலவன் எங்களுக்கு இரண்டையும் தந்தான்.