ஊதாத் துணிக்குள் சிரித்தவள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு ஹோலில் சுவருக்குத்தான் பஞ்சம், படத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் திருஇருதயநாதர், மாதா, அந்தோனியார். மறுபக்கம் சின்னம்மாவின் பெண்கள்.

சின்னம்மா, அம்மாவின் தங்கை, பகலில் ஒரு பார்மசியில் காசாளர். ஓவியம் யாரிடமும் படித்தவரல்ல. வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டை ஹார்ட்போர்டில் பூசி, பெண்களாகவே வரைந்து தள்ளுவார். மூக்கு விடைக்கக் கோபப்படுபவள், மீன் கூடையோடு கத்துபவள், யார் பார்த்தாலென்ன என்று அழுபவள். அளவில் எல்லாரிலும் பெரியவள், முடியை அவிழ்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒருத்தி. அவள்மேல் எனக்குப் பைத்தியம். யாரது என்று கேட்டால் சின்னம்மா கண்ணடிப்பார்.

எனக்கு எட்டு வயதான தவக்காலத்தில், வெள்ளவத்தையில் நடக்கவிருந்த கண்காட்சிக்குப் படம் தெரிவுசெய்ய ஓர் அம்மையார் வருவதாக இருந்தது. சின்னம்மாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. "அந்தச் சிரிக்கிறவள் மட்டும் எடுபட்டாக் காணும்" என்று என்னிடமே பத்துத் தடவை சொல்லிவிட்டார்.

ஈஸ்டர் வரை சாமிப் படங்களை ஊதாத் துணியால் மூடிவைக்கும் நாளும் அம்மையார் வரும் அன்றுதான் வந்து சேர்ந்தது. அம்மா தான் தைத்த நாலு துணியை என் கையில் தந்து, "ஹோலை நீ பார்" என்று சமைக்கக் குசினிக்குப் போய்விட்டார். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை! கதிரையில் ஏறி மூன்று சாமிகளையும் மூடினேன். ஒரு துணி மிஞ்சியது, அதுவும் பெரிய துணி. விட மனமில்லாமல் சிரிப்பவளையும் மூடினேன். விளிம்போடு விளிம்பாகப் பொருந்தியதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சின்னம்மாவின் பஸ் பிந்திவிட, அம்மையார் முந்திவிட்டார். அவர் சைவ சமயத்தவர். ஊதாத் துணியைக் கண்டதும் பயபக்தியோடு கும்பிட்டார், சிரிப்பவளையும் சேர்த்து! மற்றப் படங்களைப் பார்த்து, "நல்ல கை. ஆனா கண்காட்சிக்குக் காணாது" என்று எழும்பினார். அம்மா பிளேன்டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பும் இல்லாமல் ஒழுங்கையில் ஓடினேன். "அன்டி! நில்லுங்கோ! இன்னும் ஒரு ஆள் இருக்கிறா!" ஒரு லொறி வழியை அடைத்து நின்றதால் அவருடைய த்ரீவீல் அசையவில்லை. லொறிக்குப் பின்னாலிருந்து வியர்க்க விறுவிறுக்கச் சின்னம்மாவும் வந்தார்.

மூவரும் திரும்பினோம். துணியை நானே இழுத்தேன். அம்மையார் படத்தைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கை தானாக வாய்க்குப் போனது. அம்மா எப்போதும் வாயைப் பொத்தித்தான் சிரிப்பார், முன்பல் ஒன்று கோணல். அதே பல் படத்திலும் பளீரென்று நின்றது.

"இதை நடுவில வைப்பம்" என்றார் அம்மையார். சின்னம்மா என்னைத் தூக்கிச் சுழற்றிய சுழற்றலில் எனக்குத் தலை சுற்றியது.

"ஏன்டி மூடினனி?" என்று இறக்கிவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை தெரியாமச் செய்துபோட்டுது" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சுவாமியாரிடம் என் பாவங்களோடு அதையும் சொல்லி, அபராதமாக மூன்று முறை 'அருள்நிறைந்த மரியே' செபித்தேன். எங்கள் வீட்டில் சாமிப் படம் மூன்றுதான் என்பதும், நாலாவது துணியை அளவெடுத்துத் தைத்தது நானல்ல என்பதும் அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.