பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை

புந்தோங்கில் பரதம் சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியையை நான் ஒரே ஒரு மாலைதான் பார்த்தேன். ஈப்போவில் ஒரு மண்டபத்தில் அவருடைய மாணவிகள் ஆடினார்கள். நான் பத்திரிகைக்குப் படமெடுக்கப் போயிருந்தேன். ஒல்லியான உடம்பு, நரை ஓடிய கொண்டை. யாரிடம் பேசினாலும் அவர் கண் மட்டும் பிள்ளைகளின் கால்களிலேயே இருக்கும்.

பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேர்க்கப்படாத ஒரு சிறுமியின் கதையைத்தான் ஆடினார்கள். சிறுமியாக ஆடியவளுக்கு எட்டு வயதிருக்கும். இல்லாத கதவைத் தட்டித் தட்டி அவள் கை தளர்ந்தபோது மண்டபமே அழுதது. சிறப்பு விருந்தினராக வந்த, டத்தோ பட்டம் பெற்ற வட்டார அரசியல் தலைவர் மேடையேறி அவள் கன்னத்தைத் தட்டினார்.

"நல்ல நடிப்புலா! எந்த ஸ்கூல்மா நீ?"

சிறுமி ஆசிரியையைப் பார்த்தாள்.

"அவ ஸ்கூலுக்குப் போகல டத்தோ. அவ கதையைத்தான் ஆடுனா. சூராட் பெரானாக், அதான் பிறப்புப் பத்திரம் கேட்டு மூணு தடவ உங்க ஆபிசுக்குக் கூட்டிட்டு வந்தேன்," என்றார் ஆசிரியை.

"அப்படியா? பார்ப்போம், பார்ப்போம்."

டத்தோ என் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நானும் படமெடுத்தேன்.

பிறகு, சிறுமியின் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆசிரியையிடம், "எல்லாரும் அழுதுட்டாங்கக்கா," என்றேன் ஆறுதலாக.

"அழுதாங்க தம்பி. மனசு லேசாகி வீட்டுக்குப் போயிட்டாங்க. நாளைக்கும் இவ ஸ்கூல் பஸ்ஸ வேடிக்கை பார்த்துட்டுத்தான் நிப்பா."

மறுநாள் பத்திரிகையில் டத்தோ சிரிக்கும் படம்தான் வந்தது. அனுப்பியது நான்தான். அந்த ஆசிரியை அதைப் பார்த்திருப்பாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.