சந்திரம்மாள் மழுக்காத விளிம்பு

ஸ்ரீபெரும்புதூரில் குன்றத்தூர் ரோட்டோரம் நடேசனுடைய லேத் பட்டறை எங்கே இருந்தது என்று இன்று சந்திரம்மாளுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் 1991-ல் அங்கே செய்த வளையத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அடுப்பில் வைத்த உலையைக்கூட மறந்துவிடுவாள்.

அவளுக்குப் பிசிறு எடுக்கும் வேலை. கடைந்து வரும் சாமானின் கூரான ஓரத்தை அரத்தால் மழுக்க வேண்டும். முடித்ததும் தன் முன்கையில் ஓட்டிப் பார்ப்பாள். பதினோரு வருஷத்தில் அவள் கை பட்டு வெளியே போன சாமான் ஒருத்தர் கையையும் கிழித்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

அந்த வருஷம் சென்னையிலிருந்து வசந்த் என்ற இன்ஜினியர் இரண்டு எஃகுத் துண்டுகளோடு வந்தார். ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு எஞ்சின் செய்கிறார்களாம். சோதனைக்கு அதன் வாயில் பொருத்த ஒரு வளையம் வேண்டுமாம். நடேசன் மூன்று நாள் கடைந்து சந்திரம்மாளிடம் கொடுத்தார். பாவி மகள், வழக்கம்போல ஓரத்தை மழமழவென்று மழுக்கிவிட்டாள்.

வாங்க வந்த வசந்த் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பொறுமையாகவே சொன்னார்.

"இந்த எஞ்சினுக்கு ஃபேனே கிடையாதும்மா. போற வேகத்துலயே காத்து தானா உள்ள நுழையணும். ஓரம் பிளேடு மாதிரி இல்லன்னா முட்டிக்கினு வெளிய சிதறிடும்."

மிச்சம் ஒரே துண்டு. அதையும் கடைந்து முடித்து, இதை அவள் தொடவே வேண்டாம் என்றார் நடேசன். அவளா விடுவாள்? கெட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பிசிறு போக வேண்டும், கூர் நிற்க வேண்டும். அரை நாள் மூச்சைப் பிடித்து உரசினாள். முடித்ததும் பழக்க தோஷம், முன்கையில் ஓட்டினாள். சுரீரென்று ரத்தம் கோடு போட்டது. சரியாக வந்துவிட்டது என்று நடேசன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவள் கையிலிருந்து ஒரு கத்தி வெளியே போகிறது. பழைய புடவையைக் கிழித்து நாலு சுற்றுச் சுற்றி, துணியோடு பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று வசந்திடம் இரண்டு முறை சொல்லிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். காற்று ஒழுங்காக உள்ளே போனதாம், எஞ்சினுக்குள் தீ அணையாமல் எட்டு நொடி நின்று எரிந்ததாம். நடேசனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்திரம்மாளோ வசந்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கையையாவது கிழிச்சிதா சார்?"

வசந்த் கட்டைவிரலை நீட்டினார். நீளமாக ஒரு தழும்பு.

"துணியோட புடிங்கன்னு சொல்லித்தானே சார் அனுப்பிச்சேன்" என்றவள் அழுதுவிட்டாள். ஸ்வீட் பாக்ஸை நடேசன்தான் வாங்கி வைத்தார்.