கடிதத்தில் வந்த சாள்ஸ்

என்ரை மனுசன் கஸ்பர் பொய் சொல்லமாட்டார். ஆனால் முழுசாயும் சொல்லமாட்டார். எண்பத்தஞ்சிலை லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டிலை வேலை. நான் யாழ்ப்பாணத்திலை, இளவாலையிலை. கடிதம்தான் எங்கட குடும்ப வாழ்க்கை.

எண்பத்தேழிலை இருந்து கடிதம் முழுக்க சாள்ஸ்தான். "சாள்ஸும் நானும் ஒரு நாளும் தவறாமல் பார்க்குக்குப் போறம். முந்தி ஒரு பிரபுவின்ரை வளவாம், மேட்டிலை மாளிகை, கீழை காடு. பனி கொட்டினாலும் சாள்ஸ் விடமாட்டான்." சித்திரையிலை காட்டுக்குள்ளை நிலம் முழுக்க நீலப் பூ எண்டு எழுதுவார். ஐப்பசியிலை சாள்ஸ் சருகுக்குள்ளை புரண்டு விளையாடுறான் எண்டு எழுதுவார்.

கூட இருக்கிற பெடியன் எண்டு நான் நினைச்சிட்டன். அவனை ஆரோ கைவிட்டிட்டுப் போட்டினமாம். சொல்வழி கேட்பானாம். இப்பிடி ஒரு பிள்ளையை விடலாமோ? என்ரை தங்கச்சி வசந்தமலருக்குக் கலியாணம் பேசிப் பாருங்கோ எண்டு எழுதினன். "அது சரிவராது" எண்டு ஒரே வரியிலை பதில். எனக்கு வந்துதே கோபம்! என்ரை தங்கச்சியிலை என்ன குறையாம்?

தொண்ணூற்றிரண்டு மாசியிலை விசா கிடைச்சு வந்து சேர்ந்தன். லண்டனிலை லூயிஷாம் வீட்டுக் கதவைத் திறக்க, கண்டுக்குட்டி அளவிலை நாய் ஒண்டு பாய்ஞ்சு வருது. "சாள்ஸ், இரு!" எண்டார் மனுசன்.

அட கடவுளே! எனக்கு ஏழு வயதிலை நாய் கடிச்சு, தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. "இது நிண்டால் நான் அடுத்த பிளேனிலை திரும்பிறன்" எண்டு கத்தினன். "நாய் எண்டு ஒருக்காவாவது எழுதியிருக்கக்கூடாதோ?"

"எழுதினால் நீர் வரமாட்டீரே" எண்டார்.

ரெண்டு கிழமை நான் அறைக்குள்ளை, நாய் குசினிக்குள்ளை, மனுசன் நடுவிலை. கடைசியிலை அவர்தான் இறங்கி வந்தார். பார்க்கிலை பழக்கமான ஒரு வெள்ளைக்கார மனுசி தான் வளர்க்கிறன் எண்டு சொன்னவவாம். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை பூசை முடிய, சாள்ஸைப் பார்க்குக்குக் கொண்டு போனம். சீலைக்கு மேலை மனுசன்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு நான் பத்தடி தள்ளி. எனக்கு நல்ல சந்தோசம், ஒளிக்கிறதுக்கு என்ன? அவர்தான் நிண்டு நிண்டு நடந்தார்.

மாளிகைக்கு முன்னாலை ஒரு நீட்டு மர வாங்கிலை அந்த மனுசி இருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி வந்து ரெண்டு கையையும் பிடிச்சா. "நீங்கள் மெற்றில்டா தானே?" எனக்கு அரைகுறை இங்கிலீஷ். ஆனால் அவ சொன்னது விளங்கிச்சு. என்ரை கடிதம் வந்தால் கஸ்பர் இந்த வாங்கிலை இருந்து சாள்ஸுக்குச் சத்தமாய் வாசிப்பாராம். மழை எண்டால் குடையைப் பிடிச்சுக்கொண்டு. வாசிச்சு முடியுமட்டும் நாய் அசையாதாம். தமிழ் விளங்காட்டிலும், கடிதத்தின்ரை கடைசியிலை வாற பேர் மெற்றில்டா எண்டு இஞ்சை நாயோடை வாற எல்லாருக்கும் தெரியுமாம்.

ஐயோ, அந்தக் கடிதங்களிலை நான் என்னென்ன எழுதினனான்! தன்ரை கலியாணப் பேச்சையும் அது கேட்டிருக்குமே. சிரிப்பு வந்திது, சிரிக்கப் போக அழுகை வந்திது. வீட்டிலை ஒரு சொல்லுக் கதைக்க ஆளில்லாமல் இத்தனை வரியம் இருந்திருக்கிறார் பாவி மனுசன்.

அவர் குனிஞ்சு சாள்ஸின்ரை தலையைத் தடவிப்போட்டு, கயித்தை அந்த மனுசியிட்டை நீட்டினார். நான் ஓடிப்போய்ப் பறிச்சன். நாய் என்ரை சீலையிலை உரசிச்சு. உரசட்டும்.

"என்ன மெற்றில்டா?"

"என்ரை கடிதம் முழுக்கக் கேட்டவனை ஆருக்குக் குடுக்கிறீங்கள்?"

அதுக்குள்ளை சாள்ஸ் ஒரு அணிலைக் கண்டிட்டான். இழுத்தான் பாருங்கோ ஒரு இழுவை! "மாதாவே!" எண்டு கத்திக்கொண்டு நான் அந்தச் சரிவிலை ஓட, பின்னாலை கஸ்பர் சிரிச்சுச் சிரிச்சு ஓடி வாறார்.