பன்னிரண்டு, பத்து

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, மாலை 4 மணி 10 நிமிடம். ஓசூரில் தூறல். தகரக் கூரை ஏழு இடத்தில் ஒழுகியது.

உத்தனப்பள்ளி சாலையில் ஒரு சிறிய லேத் பட்டறையில், ஓய்வுக்குப் பிறகு எனக்குத் தரம் பார்க்கும் வேலை. சக்கர நாற்காலிக்கு அச்சுத்தண்டு கடைந்து கர்நாடகத்துக்கு அனுப்புகிறோம். வந்த மாதிரிச் சக்கரங்களின் துளையை அளந்து, சராசரி எடுத்து, தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் சீட்டில் எழுதித் தருவது நான். அன்று முதல்முறையாக, அறுபத்தேழு வயதில் கற்ற பைத்தான் கணினி மொழியில் நான் எழுதிய நிரல் அந்தச் சீட்டை அச்சடித்தது.

டீ குடிக்கும்போது, லேத் ஓட்டும் காவேரிப்பட்டினத்து பாய் சீட்டை நீட்டினார்.

"சார், போன லாட்டுக்குப் பத்து போட்டீங்க. இன்னைக்கு ஒண்ணுங்களா?"

"ஒண்ணா?"

"பன்னெண்டு, ஒண்ணு. அப்படியே ஓட்டிட்டேன். கம்ப்யூட்டரே சொல்லுது, நான் யாரு கேக்கறதுக்கு?"

சீட்டில் 12.1 என்று இருந்தது. இருக்க வேண்டியது 12.10. பட்டறையில் புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கம். 12.10 என்றால் 'பன்னெண்டு, பத்து', 12.01 என்றால் 'பன்னெண்டு, ஒண்ணு'. நிரலில் நான் 'ரவுண்ட்' போட்டிருந்தேன். அது எண்ணை இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கும். அச்சிடும்போது கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிடும். கணக்குக்கு இரண்டும் ஒன்று. பாய்க்கு அப்படி இல்லை.

எனக்கும் அப்படி இல்லை. மதியம் ஐந்து தண்டுகளை அளந்தவன் நான். மைக்ரோமீட்டர் 12.01 காட்டியது. சீட்டைப் பார்த்து, 'ஒண்ணு' சரி என்று ஐந்து டிக் போட்டேன். 186 தண்டுகளும் 3.45-க்கு லாரியில் போய்விட்டன.

அவ்வளவு மெலிந்த தண்டு சக்கரத்தில் இறுக்கமாக நிற்காது. ஆஸ்பத்திரிச் சரிவில் யாரையோ உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு இறங்குவது கண்ணுக்குள் வந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் பட்டறை ஓனரம்மா லாரிக்காரருக்குப் போன் போட்டார். ஒன்பது தடவை மணி அடித்து நின்றது. நான்கு முறை; நான்கிலும் ஒன்பது.

"சார், மொதல்ல உக்காருங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"நம்ம தண்டு போட்ட வண்டியில வேணாங்கம்மா," என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தாவது முறை லாரிக்காரர் எடுத்தார். கர்நாடக எல்லையில், ஜூஜூவாடி நெரிசலில் நின்றிருந்தார். அம்மா கன்னடத்தில் ஏதோ அதட்ட, லாரி 6.05-க்குத் திரும்பி வந்தது. மூன்று முறை எண்ணினேன். 186.

மறுநாள் காலை 'ரவுண்ட்' போட்ட இடத்தில், எப்போதும் இரண்டு இலக்கம் அச்சடிக்கும் '.2f' என்று மாற்றினேன். 12.10 வந்தது. இன்றும் ஒவ்வொரு சீட்டிலும் அந்தக் கடைசி இலக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே கொடுக்கிறேன்.

ஓனரம்மா என்னிடம் பணம் கேட்கவில்லை. டிக் என்னுடையது. தண்டு ஒன்றுக்கு 74 ரூபாய், லாரி வாடகை 1,800.

கையால் எழுதிக் கொடுத்த செக்: ரூ. 15,564.00.