சிறுத்தை மார்க் ஆத்தப்பன்

எதிரில் இருப்பவரின் சட்டை நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்க்காமல் ஆத்தப்பனுக்குப் பேச்சே வராது. முதலிபாளையம் வெல்டிங் பட்டறையில் அன்று காலை ஒரு போலீஸ்காரரின் காக்கிச் சட்டையும் தப்பவில்லை. "பாலியஸ்டர் சேர்மானம் அதிகமுங்க. வேர்க்குமுங்களே?" என்றார். போலீஸ்காரர் ஒப்புக்கொண்டார். துணி விஷயத்தில் ஆத்தப்பன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சிறுத்தை விஷயம் வேறு. காதர்பேட்டையில் அவர் விற்கும் 'சிறுத்தை மார்க்' பனியன் பெட்டியின் மூடியில் அவருடைய அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், செத்த சிறுத்தையின் மேல் ஒரு காலும் தோளில் ஒற்றைக்குழல் துப்பாக்கியுமாக நிற்பார். குன்னத்தூர் தோட்டத்து ஆட்டுப் பட்டியில் புகுந்ததை ஒரே வெடியில் சாய்த்த கதையைக் கேட்காமல் அங்கே ஒரு டஜன் பனியன் வாங்கிவிட முடியாது. அப்பா காலத்தில் ஆறடி இருந்த சிறுத்தை, மகன் கைக்கு வந்தபின் ஒன்பதடியாகிவிட்டது. "நம்பலீன்னா துப்பாக்கி ஊட்லதானுங்க இருக்குது, வந்து பாருங்க" என்பார்.

அந்தத் துப்பாக்கிக்குப் பனியன் துணியிலேயே உறை தைத்துப் போட்டிருந்தார். ஏற்றுமதியில் எந்த நிறம் மிஞ்சுகிறதோ அந்த நிறம். தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது ஒருமுறை இளஞ்சிவப்பில்கூடப் போயிருக்கிறது. உறையைக் கழற்றிப் பார்க்க எந்தப் போலீஸ்காரருக்கும் மனம் வந்ததில்லை.

அப்பா காலமானதும் லைசென்சைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டார். விண்ணப்பத்தில் உயிருக்கு என்ன ஆபத்து என்ற இடத்தில் 'சிறுத்தை' என்று எழுதினார். கிடைக்கவில்லை. துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சரித்திரச் சின்னம் என்று மியூசியத்துக்கு மனுப் போட்டார். இதே போல் பதினொன்று இருக்கிறது, இடமில்லை என்று பதில் வந்தது. கடைசியில், ஒப்படைத்த பழைய துப்பாக்கிகளையெல்லாம் முதலிபாளையம் பட்டறையில் அறுத்துப் போட உத்தரவானது. நடையாய் நடந்து, சாட்சிக் கையெழுத்துப் போடும் வேலையை வாங்கிக்கொண்டார் ஆத்தப்பன். துக்கத்துக்குக் காதர்பேட்டை வியாபாரிகள் நாலு பேரையும் ஒரு ரோஜா மாலையையும் அழைத்து வந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் இந்துமதி ஐந்தையும் வாசலோடு நிறுத்திவிட்டார்.

பட்டறைக்காரர் சந்தனம் தென்காசிப் பக்கத்துக்காரர். எந்தக் குழாயையும் அறுக்குமுன் உள்ளே கம்பி விட்டுப் பார்ப்பார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குபீரென்று தீப் பிடித்துக்கொள்ளும். மற்ற துப்பாக்கிகளில் கம்பி தடையில்லாமல் போய் வந்தது. ஆத்தப்பனுடையதில் பாதியில் நின்றது. கொக்கி மாட்டி இழுத்தார். மெழுகு தோய்ந்த துணி உருண்டை ஒன்று, துப்பாக்கிக் கடையின் முத்திரையோடு வெளியே வந்தது. அதில் பொட்டு வெடிமருந்துக் கரி இல்லை.

"அண்ணாச்சி, துரு ஏறாம இருக்க, விக்கும்போதே கடைக்காரன் அடைச்சு விடுத துணில்லா இது," என்றார் சந்தனம், குரலைத் தாழ்த்தி. "இத எடுக்காம எப்படிச் சுட்டாவ?"

ஆத்தப்பன் வளர்த்தது சிறுத்தையின் அடிக்கணக்கை மட்டும்தான்; சுட்டது சத்தியம் என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தார் மனிதர். வாசலில் வியாபாரிகள் என்ன என்ன என்று கழுத்தை நீட்டினார்கள். இந்துமதி கையிலிருந்த காகிதத்தை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

துணியைக் கையில் வாங்கினார் ஆத்தப்பன். பாவம், விரல்கள் பழக்கத்தை விடவில்லை. நுனியைப் பிரித்து ஒரு தேய்ப்புத் தேய்த்தன.

"நல்ல நூலுங்க," என்றார். "அசல் காட்டன்."

பிறகு அதை மறுபடி உருட்டிக் குழலின் வாயில் திணித்து, சுண்டுவிரல் போகிற மட்டும் உள்ளே தள்ளிவிட்டு, கேஸ் கட்டரைப் பற்றவைக்கும்படி சந்தனத்துக்குத் தலையசைத்தார்.