கருத்துச் சொன்னால்தான் அடுத்த புத்தகம்

புத்தகத்தை வாடகைக்கு விடும் தொழிலில் கெட்ட பெயர் எடுக்க இரண்டு வழிகள் உண்டு: புத்தகம் நன்றாக இல்லை என்று சொல்வது ஒன்று, நன்றாக இருக்கிறது என்று சொல்வது மற்றொன்று. கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், டீக்கடைக்கு மேலே மாடி அறையில் வாடகை நூலகம் நடத்தும் நான் இரண்டையும் தாராளமாகச் செய்து வருகிறேன்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மனதில் பட்டதை ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த புத்தகம். வெறுமனே "நல்லாருந்துச்சு" என்பது செல்லாது. அதே மாதிரி, "இது எப்படிக்கா இருக்கும்?" என்று யார் கேட்டாலும் நானும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் ஏறி வரும் புதுப் புத்தகக் கட்டை முதலில் பிரித்துப் படிப்பது நான்தான். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆவதில்லை.

தெரிந்தவர் எழுதிய புத்தகத்தைக் கையில் வாங்கி, அட்டைப்படத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுத் தப்பித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அந்த வித்தை வராது. அதனால் போன வருஷம் கடை இருக்கும் அறையே கையை விட்டுப் போகப் பார்த்தது. அதற்கு வருவதற்கு முன்னால், என் கடைக்கு எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

வயது போன மாப்பிள்ளை

மேல்மலையில் பூண்டு போடும் முருகேசன் அண்ணன், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும்போதெல்லாம் ஒரு மாயாஜாலக் கதை எடுத்துப் போவார். மந்திரவாதி, பறக்கும் குதிரை, பேசும் வாள், இதில் ஏதாவது ஒன்று அட்டையில் இருந்தால் போதும். மழைக்காலத்தில் வந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலை அவருக்குக் கொடுத்தேன். அதில் எழுநூறு வயதான காட்டு இளவரசன் ஒருவன் வருகிறான். தலைமுறை தலைமுறையாக ராணிகளைக் காதலிக்கிறான், ஒருத்தியையும் கட்டிக்கொள்வதில்லை. எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. பெருமூச்சு விடுவதற்கா இவ்வளவு நீண்ட ஆயுள் என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் போர்க்களக் காட்சிகள் பிரமாதம். இரண்டையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தார். புத்தகத்தை மேஜையில் வைத்தார். காதைச் சுற்றியிருந்த மஃப்ளரை அவிழ்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "சண்டையெல்லாம் நல்லாத்தான் கெடக்கு தாயி. ஆனா எழுநூறு வருசமாப் பொண்ணு பாத்துக்கிட்டே திரியிறவனுக்கு எங்க ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டோம்."

ஜன்னல் பக்கம் பார்ப்பவர்கள்

தேனிலவுக்கு வருகிறவர்களும் சில சமயம் மாடி ஏறுவார்கள். பெரும்பாலும் மழைக்கு ஒதுங்கத்தான். திருப்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடியில் அந்தப் பெண், விருது வாங்கிய ஒரு மெல்லிய இலக்கிய நாவலை எடுத்தாள். நான் சொல்லிப் பார்த்தேன். "எழுத்து அருமையா இருக்கும்மா. ஆனா புருஷனும் பொண்டாட்டியும் கதை பூரா ஆளுக்கொரு ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. காபி ஆறிப் போகும். இன்னொரு காபி போடுவாங்க. அதுவும் ஆறிப் போகும்" என்றேன். அவள் கேட்கவில்லை. இந்த வகை நாவல்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சில வரிகளை இரண்டு தடவை படிப்பேன். ஆனால் அதில் வருகிற யாராவது ஒருவர் எழுந்து அந்த ஜன்னலைச் சாத்த மாட்டாரா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை மட்டும் புத்தகத்தோடு வந்தார். முகம் வாடியிருந்தது. கருத்துக் கேட்டேன். "நேத்து மத்தியானத்துலேருந்து எதக் கேட்டாலும் வெளிய பனியப் பாத்துக்கிட்டே 'ம்'ங்கறாங்க. அந்தக் கதையில வர்ற அம்மணியாட்டமே ஆயிட்டாங்க. சண்டை போட்டுக்கற மாதிரி ஏதாச்சும் புத்தகம் இருந்தாக் குடுங்கக்கா, பேச்சாச்சும் வரட்டும்."

டீச்சரின் மாயக் காட்டுமாடு

இனி அறை விஷயம். என் கடை இருக்கும் கட்டடம் ஸ்டெல்லா டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, வெறும் டீச்சர்தான். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாவல் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, மண்டபம் பிடித்து வெளியிட்டார். பெயர் 'பனிக்கொம்பன்'. பனியால் ஆன கொம்புகள் உள்ள ஒரு மாயக் காட்டுமாடு மலையை உறையவைக்கப் பார்க்கிறது. அதை அடக்க ஒரு வீராங்கனை கிளம்புகிறாள். எங்கள் ஊரில் காட்டுமாடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாதாரணமாக நடந்து போகும். நாங்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவோம். அதனால் கதை எனக்குப் பிடிக்கும் என்றே நினைத்தேன்.

செங்கல் கனத்தில் சில பிரதிகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார் டீச்சர். அறைக்கான அக்ரிமென்டைப் புதுப்பிக்க வேண்டிய சமயம் அது. கீழே டீக்கடையை ஒட்டி ஹோம்மேட் சாக்லேட் விற்கிறவர், கடையை மாடி வரைக்கும் நீட்டலாம் என்று இதே அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குள் வேறு இடம் எனக்குக் கட்டுப்படியாகாது. அறை போனால் கடை போச்சு. இதெல்லாம் டீச்சருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "சாக்லேட்காரருக்கு நான் இன்னும் பதில் சொல்லல, மலர். நீ மொதல்ல இதப் படி. டேக் யுவர் டைம். உன் கடை வழக்கப்படி மனசுல பட்டதச் சொல்லு. அதுக்கப்புறம் அக்ரிமென்ட் பேசலாம்."

வாளுக்கு முன்னால் பாறை

படித்தேன். நியாயமாகச் சொல்கிறேன், அதைவிட நேர்மையான பாடப்புத்தகத்தை நான் படித்ததில்லை. வீராங்கனை ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும் என்றால், அந்த ஆறு எங்கே பிறக்கிறது, எந்தத் துணையாறு எங்கே வந்து சேர்கிறது என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் அவள் காலை நனைப்பாள். வில்லன் வாளை உருவுகிறான். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டால், அடுத்த பத்தி முழுக்க அந்த வாளுக்கு இரும்பு கிடைத்த பாறையைப் பற்றி. பனிக்கொம்பன் கண்ணில் படுவதற்குள் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்து ஓய்ந்துவிடும்.

சாப்பிட உட்கார்ந்தாலும் எனக்கு இதே யோசனைதான். பொய் சொன்னால் கடையின் வழக்கம் போச்சு, நிஜம் சொன்னால் கடையே போச்சு. என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர், புத்தகம் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். பல்லைக் குத்திக்கொண்டே வழி சொன்னார்: "இதுக்குப் போயி இம்புட்டு ரோசனையா? 'சூப்பரு டீச்சர்'னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு வெரசாக் கையெழுத்த வாங்கு. ஊர்ல பாதிப் பேரு குடும்பம் நடத்துறதே அப்படித்தான்."

முடிவு தெரியாத விமரிசகர்

மற்றவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அட்டுவம்பட்டியில் குடியிருக்கும் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் என் கடைக்கு வருவார். வெளியீட்டு விழாவில் மேடை ஏறி டீச்சரின் நாவலை அரை மணி நேரம் பாராட்டியவர் அவர்தான். என்னிடம் வாங்கிய பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நிலமே பாத்திரமாக விரியும் பன்முகப் பிரதி" என்றார். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அது நாக்கில் நிற்கவில்லை.

"அதெல்லாம் சரிங்க மேடம். கடைசியில அந்த மாடு செத்துச்சா, பொழச்சுதா?" என்று கேட்டேன். கொஞ்சமும் அசராமல் சிரித்தார். "முடிவு தெரிஞ்சுட்டா நம்ம விமரிசனத்துல ஒரு சார்பு வந்துரும் மலர், அதனால நான் எப்பவும் முடிவுப் பக்கம் போறதில்ல."

அட்டைக்குச் சேதமில்லை

முருகேசன் அண்ணன் மேல்தான் என் நம்பிக்கையெல்லாம் இருந்தது. இளவரசனையே வேண்டாம் என்று தள்ளியவர் ஆயிற்றே, இவர் வாயால் நிஜம் வந்துவிட்டால் என் பாரம் குறையும் என்று கணக்குப் போட்டேன். டீச்சரின் நாவலை எடுத்துப்போயிருந்த அவர், அதோடு படி ஏறிய நேரம், டீச்சரும் கடையில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் டீச்சரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டீச்சர் ஆவலோடு, "சொல்லுங்க முருகேசன், எப்படி இருந்துச்சு?" என்றார்.

அண்ணன் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார். "அட்டை நல்ல கெட்டிங்க டீச்சர். தோட்டத்துல வெச்சு மழையில நனைஞ்சும் ஒண்ணும் ஆகலைங்க. எனக்குச் சந்தையில சோலி கெடக்கு, வரட்டுங்களா."

என் முறை

அவர் போன பிறகு டீச்சர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாரும் அட்டையப் பத்தியே சொல்றாங்க. நீ சொல்லு மலர்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் அறை என் கவலையாக இருந்த நாளெல்லாம் இந்த அம்மாவும் கவலையோடுதான் இருந்திருக்கிறார். வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த 'சூப்பர்' தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பாதி வரைக்கும் எனக்குப் பரிட்சைக்குப் படிச்ச மாதிரிதான் இருந்துச்சு டீச்சர். உங்க வீராங்கனைக்குப் பசியுமில்ல, பயமுமில்ல. மாடு வந்தப்போ எனக்குத் தூக்கம் வந்துருச்சு" என்றேன். டீச்சரின் முகம் சிவந்தது. அறை போச்சு என்றே நினைத்தேன். போவது போகட்டும், சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடலாம் என்று தொடர்ந்தேன். "ஆனா நடுவுல ஒருத்தி வர்றாளே, கணவாய் ஓரத்துல குடியிருக்கிறவ. உப்பு வாங்கப் போன புருஷன் திரும்பி வரல. அவன் கொண்டுவருவான்னு பக்கத்து வீட்டு உப்பக்கூடத் தொடாம, உப்பில்லாமலே கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறாளே. அந்த எடத்துல நான் அழுதுட்டேன். மூணே பக்கத்துல அவள அப்படியே விட்டுட்டு நீங்க ஆத்தைப் பாக்கப் போயிட்டீங்க. எனக்கு உங்க மேல கோவமே வந்துச்சு. அவ என்னதான் ஆனா டீச்சர்?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கீழே டீக்கடையில் யாரோ சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் கணவரைப் பற்றி ஊரில் யாரும் அவர் காதுபடப் பேசுவதில்லை. மதுரைக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். என்ன கேட்டுவிட்டேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். கோபமில்லை, கண் மட்டும் நிறைந்திருந்தது. "அவளப் பத்தி எழுதணும்னுதான் நான் உக்காந்ததே, மலர். மூணு பக்கம் எழுதினதும் பயம் வந்துருச்சு. மலை, ஆறு, மழைன்னா எனக்குத் தெரிஞ்ச பாடம், அதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டேன். இத்தன பேரு படிச்சேன்னு சொன்னாங்க, ஒருத்தரும் அவ என்ன ஆனான்னு கேக்கல."

சாக்லேட்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்ட டீச்சர், இப்போது உப்பில்லாமல் கஞ்சி குடிப்பவளைப் பற்றிப் புதிதாக எழுதிய பக்கங்களோடு வாராவாரம் மாடி ஏறி வந்து நான் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதால், உள்ளதைச் சொன்னால் அறை மிஞ்சினாலும் மிஞ்சும், ஓய்வு மட்டும் மிஞ்சாது என்று இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களை எச்சரிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.